திரையில் கேட்ட தேசம் – 11: ரும்பாவும் ராணுவ நடையும்

சென்ற இதழில் கவி பிரதீப்பைத் தலைமறைவு வாழ்க்கையில் விட்டுவிட்டு வந்தோம். 1943-இல் வந்த ‘கிஸ்மத்’ படத்துக்கு அவர் எழுதிய பாட்டு, ஜெர்மானியரையும் ஜப்பானியரையும் விரட்டுவதுபோல் பாவனை காட்டி வெள்ளைக்காரனை வெளியே போகச் சொன்னது. சர்க்கார் விஷயத்தைப் புரிந்துகொண்டபோது படம் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

அதே பிரதீப் இருபது வருஷம் கழித்து எழுதியதுதான் ‘ஏ மேரே வதன் கே லோகோ’. பாடியவர் லதா மங்கேஷ்கர் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் பெயரும் ஓரளவு தெரியும். மெட்டுப் போட்டது யார் என்று கேட்டால் மட்டும், பழைய பாட்டில் ஊறியவர்கள்கூடக் கொஞ்சம் நெற்றியைச் சுருக்குவார்கள். அவர் சி. ராமச்சந்திரா. இந்த வாரம் அவருடைய கதை. அதில் பாதி, நம் ஊர் ஸ்டூடியோக்களின் கதையும்கூட.

முழுப்பெயர் ராமச்சந்திர நரஹர் சிதல்கர். மகாராஷ்டிரத்தில் அகமத்நகர் ஜில்லாவில் புணதாம்பா என்ற சிற்றூரில் 1918 ஜனவரி 12 அன்று பிறந்தார். நாகபுரியில் சங்கர்ராவ் சப்ரேயிடமும், புனே கந்தர்வ மகாவித்யாலயத்தில் விநாயகபுவா பட்வர்தனிடமும் முறைப்படி இந்துஸ்தானி கற்றார். பின்னாளில் அவர் போட்ட மெட்டுக்களை மட்டும் கேட்டவர்கள் இதை நம்புவது கடினம்.

பையனுக்கு ஆசை என்னவோ நடிப்பில். 1935-இல் ‘நாகானந்த்’ என்ற படத்தில் கதாநாயகன் வேஷமே கிடைத்தது. இயக்கியவர் ஒய்.வி. ராவ். இரண்டு வருஷத்தில் பாகவதரை வைத்து ‘சிந்தாமணி’ எடுத்து, ஒரு வருஷத்துக்கு மேல் ஓடவைத்தாரே, அதே ஒய்.வி. ராவ்தான். பாகவதருக்கு அடித்த யோகம் சிதல்கருக்கு அடிக்கவில்லை. படம் படுத்துவிட்டது. பிறகு சோராப் மோடியின் மினர்வா மூவிடோனில் சில்லறை வேஷங்கள் போட்டார். வேஷம் இல்லாத நேரத்தில், அங்கிருந்த இசையமைப்பாளர்கள் பிந்து கான், ஹபீப் கான் இருவருக்கும் ஆர்மோனியம் வாசித்தார். வயிற்றுப்பாட்டுக்காக உட்கார்ந்த அந்த ஆர்மோனியம்தான் கடைசியில் அவருக்குச் சோறு போட்டது.

இங்கேதான் தமிழ் வருகிறது. குஸ்திக்கார உடம்போடு ஸ்டண்ட் படம் எடுத்துக்கொண்டிருந்த பகவான் என்ற இளைஞர் அவருக்குச் சிநேகிதர். பிற்பாடு பகவான் தாதா என்று இந்தி உலகம் கொண்டாடிய மனிதர். அவருக்குத் தமிழ்ப் படம் இயக்கும் வாய்ப்பு வந்தது. படங்கள் ‘ஜெயக்கொடி’, ‘வனமோகினி’. இயக்குநருக்கும் தமிழ் தெரியாது, அவர் கூட்டிவந்த இசையமைப்பாளருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1941-இல் வந்த ‘வனமோகினி’யில் எம்.கே. ராதாவும் யாழ்ப்பாணத்துக்காரரான கே. தவமணி தேவியும் நடித்தார்கள். காட்டு ராணி உடையில் தவமணி தேவி வந்து நின்றதையும், படத்தில் வந்த யானையையும்தான் ஜனங்கள் பேசிக்கொண்டு போனார்கள். இசை யார் என்று எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தி உலகம் கொண்டாடிய சி. ராமச்சந்திரா இசையமைப்பாளராக அரிச்சுவடி எழுதியது தமிழ்ப் படத்தில். இந்தியில் அவருக்கு முதல் படம் அடுத்த வருஷம், 1942-இல், அதே பகவான் எடுத்த ‘சுகீ ஜீவன்’.

அதன்பின் ஏற்றம்தான். பிலிமிஸ்தான் கம்பெனிக்கு அவர் இசையமைத்த ‘ஷெஹனாய்’, நாடு சுதந்திரம் அடைந்த 1947 ஆகஸ்ட் 15 அன்றே வெளியானது. தேச பக்தி ததும்பும் படமாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்தோம். அதில் பட்டிதொட்டியெல்லாம் பரவியது ஒரு குறும்புப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் காதலியை வரச் சொல்லும் பாட்டு அது. ஆங்கிலமும் இந்தியும் கலந்தது, மேல்நாட்டுத் தாளம். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், பிள்ளைகள் தெருவில் பாடினார்கள். நள்ளிரவில் நேரு நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சுக்கும் இதற்கும் ஒரே தேதி! வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பாட்டை விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு ஜனங்கள் சந்தோஷமாகவும் இருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது என்பது என் எண்ணம்.

இந்த மேல்நாட்டு வாசனை எங்கிருந்து வந்தது? அமெரிக்க ஜாஸ் கலைஞர் பென்னி குட்மனின் கிளாரினெட் மேல் ராமச்சந்திராவுக்குத் தீராத மோகம். ஆனால் மோகம் மட்டும் போதாதே. அதைக் காகிதத்தில் எழுதி, பத்துப் பன்னிரண்டு பேர் கையில் கொடுத்து வாசிக்கவைக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் பம்பாயின் ஹோட்டல்களிலும் நடன அரங்குகளிலும் வாசித்துக்கொண்டிருந்த கோவாக்காரர்கள். மாதா கோயில் பள்ளியிலேயே மேல்நாட்டு இசைக்குறிப்பு படித்தவர்கள். ராகம் தெரியாது. குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார்கள். ராமச்சந்திரா ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார், அவர்கள் அதற்கு டிரம்பெட், சாக்சபோன், பாங்கோஸ் என்று உடை தைத்துக் கொடுப்பார்கள். அவர்களில் ஒருவர் அந்தோனியோ சேவியர் வாஸ். ‘சிக் சாக்லேட்’ என்றால்தான் பம்பாயில் தெரியும். பகவான் தாதா இயக்கி நடித்த ‘அல்பேலா’வில் (1951) இந்தச் சாக்லேட்டும் அவர் பாண்டு வாத்தியக் குழுவும் திரையிலேயே தோன்றுகிறார்கள். படத்தின் பாட்டுகள் சக்கைப்போடு போட்டன. நாயகனுக்காகப் பாடிய குரல் ‘சிதல்கர்’ என்று தட்டில் அச்சாகியிருக்கும். அதுவும் இவர்தான். இசைக்கு ஒரு பெயர், பாட்டுக்கு ஒரு பெயர்.

1957-இல் ‘ஆஷா’ வந்தது. எடுத்தவர் நம் எம்.வி. ராமன், நாயகி வைஜயந்திமாலா. அதில் கிஷோர்குமார் பாடிய ‘ஈனா மீனா டீகா’ இன்றைக்கும் கல்யாண ரிசப்ஷன் மேடையில் ஒலிக்கிறது. ஒத்திகை அறைக்கு வெளியே குழந்தைகள் ஏதோ கணக்குப் பாட்டுச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஆரம்பித்தாராம் ராமச்சந்திரா. கூட இருந்த கோவா உதவியாளர் ஜான் கோம்ஸ் தன் கொங்கணி மொழியில் இரண்டு சொல் எடுத்துக் கொடுக்க, பாட்டு தயார். அர்த்தம் தேடினால் ஒன்றும் அகப்படாது.

ஆனால் நம் தொடருக்கு வேண்டிய படம் இவை இரண்டுக்கும் முன்னால் வந்தது. 1950-இல் ரமேஷ் சைகல் இயக்கிய ‘சமாதி’. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிய கதை. நாயகன் அசோக்குமார். அதில் ‘கோரே கோரே’ என்று தொடங்கும் ஒரு டூயட். எட்முண்டோ ராஸ் என்ற லத்தீன் இசைக்காரரின் ரும்பாப் பாட்டை வாங்கி, லதாவையும் அமீர்பாய் கர்நாடகியையும் பாடவைத்து அப்படியே இறக்கியிருந்தார் ராமச்சந்திரா. அதே படத்தில்தான் ஐ.என்.ஏ.வின் நடைப் பாட்டான ‘கதம் கதம் படாயே ஜா’வும் வருகிறது. அதன் மூல மெட்டு கேப்டன் ராம்சிங் தாக்குரி போட்டது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் பாடி நடந்த பாட்டு. அவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

ஒரு படத்தில், ஒரே மனிதர், ஒருபக்கம் ரும்பா, இன்னொரு பக்கம் ராணுவ நடை. சுத்தபத்தம் பார்க்கிறவர்கள் இதை இன்றுவரை ராமச்சந்திராவின் குற்றப்பத்திரிகையில் முதல் வரியாக எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடைப் பாட்டு என்பது என்ன? சங்கீதம் தெரியாத ஆயிரம் பேர் ஒரே மூச்சில் பாடவேண்டும், கால் தப்பக்கூடாது. நாட்டியப் பாட்டுக்கும் அதே நிபந்தனைதான். கேட்டவுடன் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டைக் கட்டத் தெரிந்த கைக்கு இரண்டும் ஒரே வேலை. கந்தர்வ வித்யாலயத்தில் படித்தவர், அந்தப் படிப்பைக் காட்டிக்கொள்ளாமல் மறைத்ததுதான் அவர் கெட்டிக்காரத்தனம். வேண்டிய இடத்தில் காட்டவும் செய்தார். 1953-இல் ‘அனார்கலி’யில் லதாவுக்கு அவர் கொடுத்த பாட்டுக்களைக் கேட்டால், இவரா ஈனா மீனாக்காரர் என்று தோன்றும்.

இதற்கிடையே 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார் பி.வி. கேஸ்கர். சினிமாப் பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. அகில இந்திய வானொலியில் அது அருகிப்போனது. ஜனங்கள் பேசாமல் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். ராமச்சந்திரா போன்றவர்கள் பாட்டு கொழும்பு வழியாக இந்திய வீடுகளுக்குள் வந்தது. சொந்த நாட்டு ரேடியோவில் இடமில்லாத மனிதர்தான் பத்து வருஷம் கழித்து நாட்டையே அழவைக்கப் போகிறார்.

அதற்குள் சென்னையும் கோயம்புத்தூரும் அவரைத் தேடி வந்துவிட்டன. கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு, எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த ‘மலைக்கள்ள’னை இந்தியில் ‘ஆசாத்’ என்று எடுக்கத் தீர்மானித்தார். திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடிக்க ஒப்புக்கொண்டார்கள். இசைக்கு முதலில் போனது நௌஷாத்திடம். நாயுடு எல்லாப் பாட்டையும் ஒரு மாதத்துக்குள் கேட்டார். ஒரு மெட்டை வாரக்கணக்கில் செதுக்குகிற நௌஷாத் மறுத்துவிட்டார். ராமச்சந்திரா சரி என்றார். சொன்ன கெடுவுக்குள் முடித்தும் கொடுத்தார். 1955-இல் படம் வெளியாகி, சாயி – சுப்புலட்சுமி ஆடிய ‘அப்லம் சப்லம்’ ஊரைச் சுற்றி வந்தது. ஒரு டூயட்டுக்குத் தலத் மஹ்மூத் கிடைக்கவில்லை. காத்திருக்க நேரமில்லை என்று ராமச்சந்திராவே தலத்தின் பாணியில் பாடிவிட்டார். இன்றும் அதைத் தலத் பாட்டு என்று நினைத்துக் கேட்கிறவர்கள் உண்டு.

நம் முதலாளிகளுக்கு இந்த வேகம் பிடித்துப்போனது. பெரிய செட் போட்டு, நட்சத்திரங்களின் தேதியை வாங்கி வைத்துக்கொண்டு, இசையமைப்பாளர் மூடுக்காகக் காத்திருக்க அவர்களால் ஆகாது. ஜெமினி வாசன் ‘இன்ஸானியத்’துக்கு அழைத்தார். ‘கணவனே கண்கண்ட தெய்வம்’ இந்தியில் ‘தேவ்தா’ ஆனபோதும், ‘அமரதீப’த்தைச் சிவாஜி இந்தியில் தயாரித்தபோதும் இசை ராமச்சந்திராதான். எல்.வி. பிரசாத்தின் ‘சாரதா’வுக்கும் அவரே. ஐம்பதுகளின் பின்பாதியில் அவர் சம்பாத்தியத்தில் கணிசமான பங்கு விந்திய மலைக்குத் தெற்கிலிருந்து போயிருக்கும்.

அந்த வரிசையில் 1958-இல் வந்தது ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’. அதே ஆண்டில் இந்தியில் ‘ராஜ் திலக்’. ‘வனமோகினி’க்குப் பதினேழு வருஷம் கழித்து மறுபடி தமிழ். பத்மினியும் வைஜயந்திமாலாவும் மோதும் நடனப் போட்டியை அறியாத தமிழர் உண்டா? கொத்தமங்கலம் சுப்புவின் வரிகள், பி. லீலா – ஜிக்கி குரல்கள், ஹீராலாலின் நடன அமைப்பு. ஒருத்தி நிதானமாகத் தொடங்குகிறாள். மற்றவள் குறுக்கிட்டவுடன் தாளம் மாறுகிறது. பதிலுக்குப் பதில் அடிகள் குறுகிக்கொண்டே வருகின்றன, முதலில் முழுச் சரணம், பிறகு பாதி, பிறகு வெறும் சொற்கட்டு. கடைசியில் மிருதங்கமும் காலும்தான் பேசுகின்றன. பி.எஸ். வீரப்பா இருக்கையிலிருந்து போடும் அந்தச் சபாஷ் நம் மொழியில் பழமொழியாகவே ஆகிவிட்டது. கர்நாடக மெட்டும் இந்துஸ்தானி மெட்டும் இதில் எங்கே கைமாறுகின்றன என்று கண்டுபிடிக்க முடியாதபடி இழைத்திருக்கிறார். தமிழ் தெரியாத மனிதர் போட்ட பாட்டு என்று யாராவது சொல்லமுடியுமா? யார் ஜெயித்தார்கள் என்ற வழக்கு அறுபது வருஷத்துக்கு மேலாக டீக்கடையில் நடந்துகொண்டிருக்கிறது. மெட்டுப் போட்டவர் யார் என்று மட்டும் ஒருவரும் வழக்காடுவதில்லை.

பிரதீப்புடன் அவருக்கு நெருக்கம் ஏற்பட்டதும் இந்தக் காலத்தில்தான். 1954-இல் ‘நாஸ்திக்’. பிரிவினையில் மனிதன் மிருகமானதைப் பார்த்துக் கடவுளிடம் முறையிடும் பாட்டைப் பிரதீப்பே எழுதி, பிரதீப்பே பாடினார். பிரதீப் பாடகர் அல்லர். கிராமத்துப் பஜனையில் மூத்தவர் ஒருவர் எடுத்துக் கொடுப்பதுபோல் இருக்கும் அவர் குரல். அதற்கு ஏற்ப மெட்டை எளிமையாக்கி, வாத்தியங்களைப் பின்னுக்குத் தள்ளினார் ராமச்சந்திரா. வாசனின் ‘பைகாம்’ படத்திலும் இந்த ஜோடிதான். வரிதான் முதலில், மெட்டு அதற்குக் கைகட்டி நிற்கவேண்டும் என்று பிரதீப்பிடம் அவர் கற்றுக்கொண்ட பாடம் 1963-இல் கைகொடுத்தது.

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை எல்லை தாண்டியது. ஒரு மாதம். நவம்பர் 21-இல் சீனாவே போர்நிறுத்தம் சொல்லிப் பின்வாங்கியது. பனியில் சரியான சட்டைகூட இல்லாமல் செத்த ஜவான்களின் செய்தி வந்துகொண்டே இருந்தது. நேரு ஒடிந்துபோனார். ராணுவ நிதிக்காகத் திரையுலகம் டெல்லியில் ஒரு கலைவிழா நடத்த ஏற்பாடாயிற்று. பம்பாய் மாஹிம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்த பிரதீப்புக்கு ஒரு வரி தோன்றியது. எதிரே வந்தவரிடம் பேனா இரவல் வாங்கி, சிகரெட் பெட்டியின் உள்தாளைக் கிழித்து எழுதிக்கொண்டார். மெட்டுக்கு ராமச்சந்திராவிடம் போனார்.

பாடுவது யார் என்பதில் ஒரு சிக்கல். ராமச்சந்திராவுக்கும் லதாவுக்கும் சில வருஷங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அது நமக்கு வேண்டாம். ஆஷா போஸ்லேயை வைத்து ஒத்திகை நடந்தது. லதாதான் பாடவேண்டும் என்று பிரதீப் ஒற்றைக்காலில் நின்றார். பிறகு அக்கா தங்கை இருவரும் சேர்ந்து என்றானது, கடைசியில் லதா மட்டும் என்றானது. ராமச்சந்திரா முன்கூட்டியே டெல்லி போகவேண்டியிருந்ததால் மெட்டை டேப்பில் பதிந்து கொடுத்துவிட்டார். அதைக் கேட்டுத்தான் லதா பாட்டைப் பாடம் செய்துகொண்டார்.

1963 ஜனவரி 27, டெல்லி நேஷனல் ஸ்டேடியம். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனும் பிரதமர் நேருவும் முன்வரிசையில். பாட்டைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். தொகையறா தாளமில்லாமல் தொடங்குகிறது. ஒருவர் எழுந்து நின்று சபையிடம் பேசுவதுபோல. பல்லவியில்தான் தாளம் வருகிறது. அதுவும் அடக்கமாக. போரைச் சொல்லும் சரணங்களில் மெல்ல மெல்ல நடை சேர்கிறது. சீக்கியர், ஜாட், மராட்டியர், கூர்க்கா என்று வரிசை வரும்போது மதராஸியும் வருகிறார். முடிவில் கோஷ்டியாக ஜெய்ஹிந்த். முரசு கொட்டிக் கூட்டத்தை உசுப்பியிருக்கலாம். அல்பேலாக்காரருக்கு அது தெரியாத வித்தையா? தோற்ற நாட்டுக்கு முன்னால் முரசு கொட்டக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் போட்ட மெட்டுக்களிலேயே மிகக் குறைவாகச் செய்த மெட்டு இது. அதனால்தான் நின்றது.

பாடி முடித்த லதா மேடைக்குப் பின்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மெஹபூப் கான் ஓடிவந்து, பண்டிட்ஜி கூப்பிடுகிறார் என்று அழைத்துப்போனார். நேருவின் கண் கலங்கியிருந்தது. எழுதிய பிரதீப் அந்த விழாவுக்கு அழைக்கப்படவே இல்லை. பாட்டின் ராயல்டியைப் போர் விதவைகள் நிதிக்கு என்று எழுதிவைத்தார் அவர். அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 2005 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் தலையிட்டு, இசைத்தட்டு நிறுவனம் முதல் தவணையாக 10 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று உத்தரவிட்டது.

இத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு ராமச்சந்திராவின் வாசலில் தயாரிப்பாளர்கள் வரிசை கட்டியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். படங்கள் வருஷத்துக்கு ஒன்று என்று சுருங்கின. சங்கர் – ஜெய்கிஷன் கொடி பறந்துகொண்டிருந்த காலம். லதாவின் குரல் எப்போதும் கைக்கெட்டும் நிலையும் இல்லை. மராத்தியில் ‘தனஞ்சய்’, ‘கர்குல்’ என்று சொந்தமாகப் படம் எடுத்தார். 1977-இல் மராத்தியில் சுயசரிதை எழுதினார். 1982 ஜனவரி 5 அன்று பம்பாயில் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் அறுபத்துநான்கு முடிந்திருக்கும்.

குடியரசு தின விழாவின் முடிவாக டெல்லி விஜய் சௌக்கில் ஜனவரி 29-இல் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி நடக்கும். காந்திஜிக்குப் பிடித்த ஓர் ஆங்கிலத் தோத்திரம் அங்கே வருஷக்கணக்காக வாசிக்கப்பட்டு வந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டு ‘ஏ மேரே வதன் கே லோகோ’வைச் சேர்த்தார்கள். தோத்திரத்தை எடுத்தது சரியா என்ற சண்டை வேறு. அதற்குள் நான் போகவில்லை. ராணுவ பாண்டில் பாடகர் கிடையாது, வரிகள் கிடையாது. பிரதீப்பும் லதாவும் அங்கே இல்லை. வாசிக்கப்படுவது முழுக்க முழுக்க சி. ராமச்சந்திரா.

அடுத்த முறை டிவியில் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ போட்டால், போட்டி நடனம் வரும்வரை காத்திருக்காமல் ஆரம்பத்திலிருந்து பாருங்கள். டைட்டிலில் அவர் பெயர் இருக்கிறது.

அடுத்த இதழில்: ‘கதம் கதம்’ மெட்டைப் போட்ட கேப்டன் ராம்சிங் தாக்குரி.

(தொடரும்)